தூவானம் விட்ட பிறகு

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி, வர்தா என்று பெயரிடப்பட்ட புயல் சென்னைப் பட்டணத்தின் தலைமீதே ஏறிக் கரையைக் கடந்த தினம், திருக்கார்த்திகையாக அமைந்துவிட்டது. வாசற்படியில் வரிசையாக வைக்க வேண்டிய அகல் விளக்கை, மின்சாரம் போன இருட்டில் ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால் பழைய வேட்டிகளையும் துண்டுகளையும் ஜன்னலடியில் திணித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் அன்று இந்த ஊரில் அநேகம் இருந்திருக்க வேண்டும். அயனாவரத்தில் இரண்டாம் மாடியில் குடியிருந்த எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. பகல் முழுவதும் வடக்குப் பக்கத்து ஜன்னல்கள் ஒழுகின. பிற்பகலில் காற்று சட்டென்று ஓய்ந்து, மழையும் தணிந்து, தெருவில் ஜனங்கள் விழுந்த மரங்களைப் பார்க்க வெளியே வந்தபோது, 'அப்பாடா, விட்டது' என்று துண்டுகளைப் பிழிந்து கொடியில் போட்டோம். போட்ட கை ஈரம் காயவில்லை. தென்புறத்திலிருந்து காற்று பிடித்தது. அதுவரையில் ஒரு சொட்டும் உள்ளே விடாமல் யோக்கியமாக இருந்த தெற்கு ஜன்னல்கள், வடக்கு ஜன்னல்களுக்கு நாங்கள் சளைத்தவர்களா என்பது போல ஒழுகத் தொடங்கின.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வங்கக் கடலில் எழும் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலின் மையம் ஓர் ஊரின்மீதே கடந்துபோனால், முதலில் வடக்கத்திக் காற்றும், நடுவில் சிறிது நிசப்தமும், பிறகு நேர் எதிர்த்திசைக் காற்றும் அந்த ஊருக்கு விதிக்கப்பட்டவை. அன்று மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அடித்த காற்று, பட்டணத்து வீடுகளின் எல்லா ஜன்னல்களையும் முறை வைத்துப் பரீக்ஷித்துவிட்டுப் போயிற்று என்றே சொல்லலாம். பரீக்ஷையில் தேறிய ஜன்னல்கள் சொற்பம்.

ஜன்னல் என்ற சொல்லே போர்த்துகீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்கு முன் நமக்குச் சாளரம் இருந்தது, பலகணி இருந்தது. இவற்றோடு சிலப்பதிகாரத்தில் இடம்பெற்ற 'காலதர்' என்ற அழகான சொல்லும் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்று பெயரிட்டவர்கள், காற்றோடு வேறு எது வரக்கூடும் என்பதையும் யோசித்தே வீடு கட்டினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகளில் தெருவைப் பார்த்த ஜன்னல்கள் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை. அவற்றின் முன்னே திண்ணையும், திண்ணைக்கு மேலே தாழ இறங்கிய தாழ்வாரமும் நின்று சாரலை வாங்கிக்கொண்டன. மழை வீட்டுக்குள் வரவே கூடாது என்ற பிடிவாதமும் அவர்களுக்கு இருக்கவில்லை. வரட்டும் என்று நடுவீட்டிலேயே முற்றம் என்று ஓர் இடத்தை ஒதுக்கி, அதிலிருந்து தண்ணீர் வெளியேறத் தூம்பும் வைத்தார்கள். நாம் அந்தத் தாழ்வாரத்தைச் சுருக்கி, ஒன்றரை அடி அல்லது இரண்டடி சிமெண்ட் பலகையாக்கி, சன்ஷேடு என்று பெயரிட்டுச் சுவரில் ஒட்டவைத்திருக்கிறோம். பெயருக்கு ஏற்றபடி அது வெயிலைத் தடுக்கிறது. நேராக விழும் மழையையும் தடுக்கிறது. புயல் மழை நேராக விழுவதில்லை என்பதுதான் சங்கடம்.

நடுத்தரமான ஒரு மழைத்துளி வினாடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது. வர்தாவைப் போன்ற புயலில் காற்றோ வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆகவே துளி ஓர் அடி கீழே இறங்குவதற்குள் நாலடிக்கு மேல் குறுக்கே பாய்ந்துவிடுகிறது. இரண்டடி நீண்ட சன்ஷேடு, இந்தக் கணக்கில், தனக்குக் கீழே அரை அடி உயரத்தைக்கூட நனையாமல் காக்க முடியாது. ஜன்னலின் மீதிப் பாகமெல்லாம் ஆற்று மதகுக் கதவின் நிலையில் இருக்கிறது.

மழை ஜன்னலை நனைப்பது வேறு, உள்ளே புகுவது வேறு. இந்த இரண்டாவது காரியத்தைச் செய்வது காற்றின் அழுத்தம். நம் நாட்டுக் கட்டடப் பொறியாளர்கள் காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட ஒரு சுலபமான சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லப்படும் வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, மறுபடியும் 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர்மேல் விழும் அழுத்தம் நியூட்டன் கணக்கில் கிடைக்கும். மணிக்கு 110 கிலோமீட்டர் காற்றுக்கு இது ஏறத்தாழ 560. நாலடிக்கு நாலடி ஜன்னல் ஒன்றின்மேல் 80 கிலோவுக்குக் குறையாத ஒரு மனிதன் தன் முழு எடையையும் போட்டு அழுத்துவதற்குச் சமமானது அது. இதே அழுத்தம் ஒரு பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றிப் பிடிக்கும் என்று பார்த்தால், ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. இப்போது வீட்டுக்கு வீடு இருக்கும் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலின் அடிச்சட்டத்தைக் குனிந்து பாருங்கள்: கண்ணாடிக் கதவுகள் ஓடுகிற தண்டவாளத்துக்கும் உட்புற விளிம்புக்கும் இடையில் இருக்கும் காடியின் உயரம் பெரும்பாலும் ஓர் அங்குலத்தைச் சுற்றியே இருக்கும். ஐந்தரை சென்டிமீட்டர் ஏற்றக்கூடிய காற்றுக்கு இரண்டரை சென்டிமீட்டர் வரப்பு எம்மாத்திரம்? கண்ணாடி உடையாமல், கதவு திறக்காமல், தாழ்ப்பாள் விழுந்தபடியே இருக்க, காடியில் தேங்கிய நீர் கொதிக்கிற பாலைப் போலப் பொங்கி உள்ளே வழிவதை அன்று நான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்.

காடியில் வந்த தண்ணீர் வெளியே போகவென்றே சட்டத்தின் வெளிப்புற முகத்தில், அடியையொட்டி, அரிசி நீளத்துக்கோ விரற்கடை நீளத்துக்கோ சிறு துளைகள் போட்டிருப்பார்கள், போட்டிருக்க வேண்டும். அநேக வீடுகளில் அவை போடப்படுவதேயில்லை. போட்ட வீடுகளில், கட்டடம் முடியும் தறுவாயில் பூச்சுக்காரர் சிமெண்டாலும், பிறகு வர்ணக்காரர் வர்ணத்தாலும், அதன்பின் குளவியும் தெருப்புழுதியுமாக அவற்றை அடைத்துவிடுகிறார்கள். இந்தத் துளைகளின் மகிமையை நான் தெரிந்துகொண்டதற்கு ஒரு வருஷமும் இரண்டு வேலையாட்களின் கூலியும் செலவாயின.

தெற்கு ஜன்னலின் இடது மூலைக்குக் கீழே, புயல் போன மறுவாரம், உள்சுவரில் தேயிலைச் சாயம் போல ஒரு கறை தெரிந்தது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. போகிக்குள் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துவிட வேண்டும் என்ற நம் பழைய வழக்கத்துக்கு நானும் கட்டுப்பட்டவனாகையால், கறையின்மேல் பட்டி பூசி, தேய்த்து, விலையுயர்ந்த எமல்ஷன் இரண்டு கை அடித்து, பொங்கல் பானையில் பால் பொங்கும்போது சுவர் பளபளக்கும்படி செய்துவிட்டேன். பங்குனி பிறந்தது, வர்ணம் அம்மைக் கொப்புளம் போல எழும்பியது. சித்திரையில் ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினேன். உள்ளே ஈரமும், சர்க்கரைத் தூள் போல வெண்மையான உப்பும் இருந்தன. ஜன்னலின் குற்றம் இது என்று தீர்மானித்து, ஜன்னல் போடுபவர் ஒருவரை அழைத்தேன். அவர் வந்து, சிலிகான் குழாயைத் துப்பாக்கியில் மாட்டி, சட்டத்தைச் சுற்றி உள்ளும் புறமும் ஒரு இடைவெளி விடாமல் தாராளமாக இழுத்து, அடியிலிருந்த அந்தச் சிறு துளைகளையும் 'ஓட்டை' என்று கருதி அன்புடன் அடைத்துவிட்டுப் போனார். அடுத்த ஐப்பசியில், புயல் ஒன்றும் இல்லாத சாதாரண அடைமழையிலேயே, ஜன்னல் முன்னைவிட அதிகமாக ஒழுகியது.

பிறகு வந்தவர் ஒரு வயதான கொத்தனார். அவர் ஜன்னலை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த கரணையைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் சுவரைக் கறையிலிருந்து மேல்நோக்கிச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். 'டொக் டொக்' என்று கெட்டியாகக் கேட்ட ஒலி, ஜன்னலின் தலைப்பக்கத்து மூலையருகே பறை போலப் பொள்ளலாகக் கேட்டது. அங்கே நிறுத்தி, "ஐயா, தண்ணி தெரியற எடம் வேற, எறங்கற எடம் வேற" என்றார். மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவர் சொன்னது விளங்கிற்று. சன்ஷேடு பலகை சுவரோடு சேரும் இடத்தில், மயிரிழை அகலத்தில், ஜன்னலின் அகலத்துக்கும் நீண்டதொரு வெடிப்பு. பலகையின் மேற்புறமோ வெளிப்பக்கம் வாட்டம் இல்லாமல், உட்பக்கமாகச் சரிந்து, மழைநீரைச் சுவரை நோக்கியே ஏந்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த நீர் வெடிப்பில் இறங்கி, நிலையின் பக்கவாட்டுக்கும் செங்கல்லுக்கும் இடையிலுள்ள சந்து வழியே நாலடி நழுவி, கீழ்மூலையில் வந்து முகம் காட்டியிருக்கிறது. நான் ஜன்னலோடு வழக்காடிக்கொண்டிருந்த காலமெல்லாம் குற்றவாளி தலைக்கு மேலே இருந்தான்.

ஆனாலும் ஜன்னலையும் அவர் விடுதலை செய்துவிடவில்லை. குழாய் மாட்டி, வெளியிலிருந்து தண்ணீர் அடித்துப் பார்த்தார்; நான் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பரிசோதனையில் ஒரு நியதி உண்டு. கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும்: முதலில் அடிச்சட்டம் மட்டும் பத்து நிமிஷம், பிறகு பக்கச் சந்து, பிறகு தலைச்சட்டம், கடைசியில் சன்ஷேடு. எடுத்த எடுப்பில் உச்சியில் அடித்தால், வழிந்து வரும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து, எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று சொல்ல முடியாமற் போகும். எங்கள் ஜன்னல் அடிச்சட்டத்திலேயே தோற்றது; துளைகள் அடைபட்டிருந்ததால் காடி நிரம்பி வழிந்தது. உச்சியில் அடித்துக் கால் மணி நேரம் கழித்துக் கறை மறுபடி கறுத்தது. இரண்டு நோய், ஒரே கறை.

பரிகாரம் எளிமையானது. வெடிப்பைக் கொத்தி அகலப்படுத்தி, ரப்பர்ப்பால் போன்ற ரசாயனம் சேர்த்த கலவையால் நிரப்பி, சன்ஷேடின்மேல் வெளிப்பக்கம் வாட்டம் வரும்படி பூச்சு எடுத்தார். பலகையின் அடிவயிற்றில், வெளி விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி, நீளவாட்டில் ஒரு சிறு காடி வெட்டினார்; தண்ணீருக்கு எந்தப் பரப்பையும் கட்டிக்கொண்டு ஊர்ந்து போகும் ஸ்வபாவம் உண்டாகையால், விளிம்பில் சொட்ட வேண்டிய நீர் பலகையின் அடிப்புறமாகவே பயணம் செய்து சுவரைத் தொட்டுவிடும்; குறுக்கே ஒரு காடி இருந்தால் அங்கே தாண்ட முடியாமல் சொட்டிவிடுகிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையேயிருந்த பழைய சிலிகானைப் பிளேடால் உரித்தெடுத்து, இடம் நன்றாகக் காய்ந்த பிறகு வெளிப்புறத்தில் மட்டும் புதிதாக இழுக்கச் சொன்னார். ஈரமான இடத்தில் சிலிகான் ஒட்டாது. ஒட்டியது போல நடிக்கும். கடையில் வாங்கும்போது புளிக்காடி நெடி அடிக்கும் மலிவு வகையை விட்டு, சிமெண்டோடும் கல்லோடும் ஒத்துப்போகும் நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அடியிலுள்ள துளைகளைத் துடைப்பக் குச்சியால் குத்தித் திறந்துவிட்டார். அந்தத் துடைப்பக் குச்சிக்குத்தான் என் பார்வையில் முழுக் கூலியும் தகும்.

பொங்கலுக்கு நான் அடித்த வர்ணத்தின் கதைக்குத் திரும்ப வேண்டும். ஒழுகலால் நேர்ந்த சேதத்தைக் காட்டிலும் என் அவசரத்தால் நேர்ந்த சேதம் அதிகம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். மூன்று கிலோ எடையுள்ள ஒரு சாதாரணச் செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் குடிக்கலாம் என்று நம் நாட்டு நிர்ணயம் அனுமதிக்கிறது; அதாவது அரை லிட்டருக்கு மேலே. ஜன்னலைச் சுற்றி நனைந்த ஐம்பது செங்கல்லை எண்ணிக்கொண்டால், இரண்டு குடம் தண்ணீர் சுவருக்குள்ளே சத்தமின்றி உட்கார்ந்திருக்கிறது. ஒரே ராத்திரியில் குடித்த அந்த நீரைச் சுவர் ஒரே ராத்திரியில் திருப்பித் தருவதில்லை. சுவரின் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று மேல்நாட்டுக் கட்டடக்காரர்களிடையே ஒரு தோராயக் கணக்கு வழங்குகிறது. நம் வெயிலுக்கு அதைக் குறைத்துக்கொள்ளலாம் என்றாலும், மார்கழிப் பனியிலும் தை மாதத்து ஈரக் காற்றிலும் குறைத்துக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. அப்படி வெளியேறத் துடிக்கும் நீருக்கு முன்னால் பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷனை அடிப்பது, வியர்த்த உடம்புக்கு ரப்பர்ச் சட்டை போட்டுவிடுவது போன்றது. ஆவி வெளியேற இடமின்றி வர்ணத்தைத் தூக்குகிறது. செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு முகப்புக்கு வந்த நீர், அங்கே உப்பை விட்டுவிட்டுப் போகிறது. உப்பு படிகமாகி விரிந்து பூச்சைப் பொரிக்கிறது.

பொங்கலுக்கு வெள்ளையடித்த நம் முன்னோர்கள் பின் எப்படிச் சமாளித்தார்கள்? அவர்களும் ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த சுவரின்மீதுதான், மார்கழிக் கடைசியில் அடித்தார்கள். அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு ஈரச் சுவரை வெறுப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறுகுவதற்கு அதற்குச் சிறிது ஈரமும் வேண்டியிருக்கிறது. இறுகிய பிறகும் சுவர் மூச்சு விடுவதை அது தடுப்பதில்லை. அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிப்பதுமில்லை. ஆகவே போகிக்கு முன் வெள்ளையடிப்பது என்ற வழக்கம், அலங்காரம் என்பதோடு, மழைக்காலம் முடிந்த வீட்டுக்குச் செய்யும் வைத்தியமாகவும் இருந்தது. நாம் மருந்தை மாற்றிவிட்டு, மருந்து கொடுக்கும் நாளை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டிருக்கிறோம். இன்றைய வர்ணங்களுக்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. பண்டிகைக்குச் சுவர் அழுக்காக இருக்கிறதே என்று மனம் பொறுக்காதவர்கள், ஒழுகிய அந்த ஒரு சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகலாம். விருந்தாளிகள் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

சுவர் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ளக் கைவைத்துப் பார்ப்பது போதாது. மேல்தோல் காய்ந்திருக்க உள்ளே ஈரம் இருக்கும். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் சுவரோடு ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுவிட வேண்டும். எடுக்கும்போது தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் வர்ணக்காரரைத் திருப்பி அனுப்பிவிடலாம். அதுவரையில் கொப்புளித்த வர்ணத்தையும் பட்டியையும் சுரண்டி எடுத்து, சுவரைத் திறந்து போட்டுவைப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரிக் கொட்ட வேண்டும்.

புயலன்றைக்கே செய்ய வேண்டியவை சில உண்டு. ஜன்னலுக்குக் கீழேயோ பக்கத்திலோ ஸ்விட்ச் போர்டு இருந்து, சுவர் நனைந்திருந்தால், மெயினை இறக்கிவிடுவதற்கு யோசனையே வேண்டாம். மின்சாரம் ஏற்கெனவே போயிருந்தாலும் இறக்கிவைக்க வேண்டும், ஏனென்றால் அது நம்மைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவதில்லை. எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து உலர்த்திப் பார்த்துச் சொல்லும்வரை அந்த இணைப்பு அப்படியே கிடக்கட்டும். வீட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் எடுத்திருப்பவர்கள் துடைப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்வது நல்லது. 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொது வடிவப் பாலிசியில் புயலும் வெள்ளமும் அடக்கம். நெடுநாள் கவனிக்காமல் விட்ட கசிவை அவர்கள் புயலின் கணக்கில் ஏற்கமாட்டார்கள் என்பதையும் கூடவே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நனைந்த பொருள்களில் பூஞ்சணம் முளைக்க ஒன்றிரண்டு நாள் போதும். எனவே திரைச்சீலை, கால்மிதி, மெத்தை ஆகியவற்றைச் சுவரைத் தொடாமல் நகர்த்திவிடுவது முதல் காரியம். இலவம்பஞ்சு மெத்தை வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். இலவம்பஞ்சின் இழையில் இயற்கையாகவே மெழுகுப் பசை இருப்பதால் அது தண்ணீரைச் சுலபத்தில் ஏற்பதில்லை, ஒரு காலத்தில் கப்பல்களின் மிதவைச் சட்டைகளுக்குள் அதைத்தான் அடைத்தார்கள். பருத்தி மெத்தை அப்படியல்ல. குடித்த நீரோடு கட்டிகட்டியாகிவிடும், பிரித்து அடிக்கத்தான் வேண்டும். சுவரில் கறுப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டால் உலர்ந்த துணியால் தேய்க்கலாகாது. அது விதைப்பதற்கு ஒப்பாகும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியையும் எறிந்துவிட வேண்டும். சாம்பிராணி போட்டால் பூஞ்சணம் போய்விடும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. வாசனை வருவது வாஸ்தவம், பூஞ்சணமும் அந்த வாசனையை அனுபவித்துக்கொண்டு அங்கேயேதான் இருக்கிறது. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டிச் சுவரை உலர்த்துவது மட்டும் யாரும் செய்யக்கூடாத காரியம். அதிலிருந்து வரும் விஷவாயு நெடியில்லாமல் ஆளைக் கொல்லும். மழை நிற்காத நாளில் ஜன்னலைத் திறந்து வைப்பதால் பயனில்லை, வெளிக் காற்றும் ஈரமே. ஏ.சி. உள்ள அறையானால், மின்சாரம் வந்த பின் அதை ஓடவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக் குழாய் வழியே வெளியே சொட்டும். இல்லாதவர்கள் வெயில் வரும்வரை மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

மர ஜன்னல்களுக்கு வேறு சாஸ்திரம். நனைந்த மரம் நீளத்தில் வளர்வதில்லை, அகலத்தில் பருக்கும்; அதனால்தான் மழைக்காலத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூட மறுக்கிறது. மூடாத கதவைக் கண்டதும் ஆசாரியை அழைத்து இழைக்கச் சொல்வது ஜனங்களின் வழக்கம். எங்கள் தெருவில் பரம்பரையாக மரவேலை செய்யும் ஆசாரி ஒருவர் கார்த்திகை மார்கழியில் இந்த வேலைக்குக் கூப்பிட்டால் வரவேமாட்டார். "இப்ப சீவிட்டா மாசில பல்லி பூந்துடுங்க" என்பார். காய்ந்து சுருங்கிய பின் விழும் அந்தச் சந்து வழியாகத்தான் அடுத்த வருஷத்துச் சாரல் வரும். கதவு காயட்டும் என்று விட்டு, காய்ந்தும் பிடித்தால் மாத்திரம் இழைத்து, இழைத்த விளிம்பிலும் கதவின் அடிப்பக்கத்திலும் உடனே வர்ணம் கொடுத்துவிட வேண்டும். கதவின் அடிப்பக்கம் யார் கண்ணுக்கும் படாததால் எந்த வர்ணக்காரரும் அதைத் தொடுவதில்லை. தண்ணீர் குடிக்கும் வாய் அதுதான். நிலையின் அடிமரத்தில் ஓர் ஊசியை அழுத்திப் பார்த்து, வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால், அந்தத் துண்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

என் புத்தக அலமாரி அன்று ஜன்னலை ஒட்டி இருந்தது. கீழ்த்தட்டில் இருந்தவை நனைந்தன. சாதாரணத் தாளில் அச்சிட்டவற்றை விசிறி போல நிறுத்தி, இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெற்றுத் தாளைச் செருகி, தாள் நனைய நனைய மாற்றிக்கொண்டே இருந்ததில் அவை பிழைத்தன. சற்றுப் பருத்து, பழைய அப்பளம் போல நெளிந்திருக்கின்றன, அவ்வளவுதான். வழவழப்பான ஆர்ட் தாளில் படங்களோடு அச்சிட்ட புத்தகம் ஒன்றை 'பிறகு பார்க்கலாம்' என்று மூடி வைத்தேன். அது மூன்றாம் நாள் ஒரே பலகையாகிவிட்டது. அந்தத் தாளின் பூச்சு நனைந்தால் பசையாகி ஒட்டிக்கொள்ளும். உலர்த்த அவகாசமில்லாதபோது நனைந்த புத்தகத்தைப் பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபனிப் பகுதியில் வைத்துவிட்டால் கெடாமல் காத்திருக்கும் என்று பெரிய நூலகங்கள் கையாளும் உபாயத்தை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தாலும் அன்று பயன்பட்டிராது. எங்கள் குளிர்பெட்டி மின்சாரமில்லாமல் தானே ஒழுகிக்கொண்டிருந்தது. கல்யாண ஆல்பம் ஒன்றும் நனைந்தது. அதை என் மனைவி, நான் தடுத்தும் கேளாமல், ஈரம் இருக்கும்போதே படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, கண்ணாடி மேஜையில் முகம் மேலே பார்க்கப் பரப்பினாள். அவள் செய்ததுதான் சரி. காய்ந்த பிறகு பிரிக்க முயன்றிருந்தால் மாப்பிள்ளையின் முகம் மாமனார் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

தெற்குச் சுவருக்கு 2018-ஆம் ஆண்டு பங்குனியில், பாலிதீன் தாள் வியர்க்காத நாள் பார்த்து, வர்ணம் அடித்தோம். 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது, சுவர் கறுக்கவில்லை. காடியில் தண்ணீர் ஏறியது, துளைகள் வழியே இறங்கியது. ஆனால் துளைகள் ஒவ்வொரு வருஷமும் புழுதியால் அடைபடுகின்றன. ஆகவே ஐப்பசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துடைப்பக் குச்சியால் அவற்றைக் குத்திவிட்டு, ஒவ்வொரு ஜன்னலின் காடியிலும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, அது வெளிச்சுவரில் இறங்குகிறதா என்று எட்டிப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் நாலாவது ஜன்னலில் ஊற்றியபோது, தண்ணீர் தாராளமாக இறங்கிவிட்டதற்குச் சாட்சியாக, முதல் மாடியிலிருந்து, "சார், இப்பத்தான் துணி ஒணத்தினேன்!" என்ற குரல் வந்தது.